முசே பர்தேனின் சாம்பிள் சுவர்

மார்ச் 4, திங்கள்

பெயிண்ட் கடையில் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். இத்தனை வருஷமும் அது அடுப்பங்கரையில் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே கிடந்தது. இந்த வருஷம் டாக்டர், "கலிவரதன், சர்க்கரை ஏறிப்போச்சு, தெனம் என்னா சாப்டீங்கன்னு எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார். இரண்டு மாதம் இட்லி, இட்லி, உப்புமா என்று எழுதினேன். என் டைரியை எனக்கே படிக்கச் சகிக்கவில்லை. அதனால் இன்று முதல் மற்றவர்களையும் எழுதப் போகிறேன். ஐந்தாவது வரை படித்தவனுக்கு இந்த அளவு எழுத்து போதும்.

புது வேலை. குருசுக்குப்பத்தில் லூர்துமேரியம்மா வீடு. பழைய மாடி வீடு, கடலைப் பார்த்தாற்போல் நிற்கிறது. மேலே கீழே எல்லாச் சுவரும் சுண்ணாம்பு, இரண்டு கோட்டு. வீட்டுக்கார அம்மா கீழே இருக்கிறார். மாடியில் குடியிருப்பவர் ஒரு பிரான்சுக்காரர், முசே பர்தேன். முசே என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. வயது எழுபத்து மூன்று. தொழில் படம் வரைவதாம். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் இல்லையாம். படத்தைப் பார்த்ததுமே அது தெரிந்துவிட்டது. மரியாதைக்குக் கேட்டேன்.

தமிழை மட்டும் மீன் விற்கிற பெண்களிடம் கற்றிருக்கிறார். நன்றாகப் பேசுகிறார், நன்றாகத் திட்டுகிறார்.

கூடத்தில் ஒரு படம். ரயில் பாதை. கீழே எவ்வளவு அகலமோ மேலேயும் அவ்வளவே அகலம். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி.

"என்னா முசே, தண்டவாளம் தூரப் போகப்போக ஒட்டிக்கிற மாதிரி தெரியணும். எங்க ஊர்ல கட்சி பேனர் எழுதுறவன்கூட கரெக்டா போடுவான்."

"நான் அந்தத் தண்டவாளத்துல முப்பத்தோரு வருசம் நடந்தேன் மேஸ்திரி. அது எங்கியும் ஒட்டல."

இதற்குப் பதில் யோசிக்க ஒரு நாள் வேண்டும்.

இட்லி ஐந்து. டாக்டருக்கு மூன்று.

மார்ச் 5, செவ்வாய்

பதில் கிடைக்கவில்லை.

சுண்ணாம்பில் பசை கலந்தால்தான் சுவரில் பிடிக்கும், இல்லாவிட்டால் சாய்கிறவன் முதுகெல்லாம் வெள்ளை ஆகும். லூர்துமேரியம்மாவிடம் பசை கேட்டேன். "எங்க அப்பா காலத்துல என்ன பசையா போட்டாங்க?" என்றார். இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாருக்குப் பருப்புக் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். பசை இல்லாமல் அடிக்கிறோம். முதுகு அவர்களுடையது.

உப்புமா. கோதண்டத்தின் டப்பாவிலிருந்து ஒரு வடை. கோதண்டம் என் பெண்சாதியின் தம்பி, என் கூடவே இருபது வருஷமாகச் சுவர் அடிக்கிறான். வடை குறைந்தது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 7, வியாழன்

முசேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நாளை ஒரு கண், அடுத்த வெள்ளி ஒரு கண் ஆபரேஷன். சுண்ணாம்புத் தூசி ஆகாது என்பதால் வில்லியனூரில் சினேகிதர் வீட்டில் தங்கிவிட்டு இருபத்து நாலாம் தேதிதான் திரும்புவார். மாடிச் சாவியை என் கையில் கொடுத்தார். பெட்டி கட்டும்போது அவர் கதையைக் கேட்டு வைத்தேன்.

அப்பா சுரங்கத்தில் கரி வெட்டியவர். இவருக்குப் பதினாறு வயதில் ரயில்வேயில் வேலை. பிறகு சிக்னல் கேபினில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க இரண்டே கலர். சிவப்பு, பச்சை. வேறு எதையாவது பார்த்தால் ரயில் கவிழும். நாற்பத்தேழாவது வயதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய காலண்டரைத் திருப்பி, ஜன்னலில் தெரிந்ததை வரைந்தாராம். அதோடு பிடித்தது பைத்தியம். ஊரில் படங்களை மாட்டி ஒரு காட்சி வைத்தார். பேப்பர்க்காரன், 'சிக்னல்காரர் சிக்னலை மட்டும் பார்ப்பது ரயிலுக்கும் நல்லது, ஓவியத்துக்கும் நல்லது' என்று எழுதினான்.

"கரெக்டா எழுதிக்கிறான்" என்றேன்.

"போய்யா" என்றார். "அப்புறம் பாரீஸ்ல நாலு படம் வித்துச்சு. அந்தப் பேப்பர்க்காரனும் ஒண்ணு கேட்டான். குடுக்கல."

பெண்சாதி இறந்த பிறகு இங்கே வந்துவிட்டார். ஏன் இந்த ஊர் என்றேன். ஜன்னலைக் காட்டினார். வெளியே கடல். நான் பிறந்தது முதல் அங்கேயேதான் கிடக்கிறது. அதைப் பார்க்கவா விமானம் ஏறுவார்கள்?

மார்ச் 9, சனி

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன்.

மாடியில் பின் ரூம். கதவைத் திறந்தால் எதிர்ச் சுவர் முழுக்கச் சாம்பிள். எங்கள் தொழிலில் இது பெரிய ரோதனை. வீட்டுக்காரர்களுக்குக் கலர் பிடிக்க வேண்டுமென்று சுவரில் நாலு கட்டம் அடித்துக் காட்டுவோம். அவர்கள் நாலையும் பார்த்துவிட்டு ஐந்தாவதைக் கேட்பார்கள். ஆனால் நாலு பார்த்திருக்கிறேன், பத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். இங்கே ஆயிரத்துக்கு மேல்! நாலு விரல் அகலக் கட்டங்கள், வரிசைக்கு முப்பது, கூரையிலிருந்து முழங்கால் உயரம் வரை. எல்லாம் ஒரே சாம்பல், நீலம், பழுப்பு. பக்கத்துக் கட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கழுகு வர வேண்டும்.

"பாத்தியா மச்சான்" என்றேன் கோதண்டத்திடம். "ஒரு ரூமுக்குக் கலர் புடிக்கத் தெரியாத மனுசன். இவரு படம் போடுறாராம்."

"மாமா, கேட்டுட்டு அடிக்கலாமே."

"கண் கட்டிக்கிட்டு இருக்கறவரப் போயி கலரு கேப்பியா? வீட்டுக்காரம்மா எல்லாச் சொவரும்னு சொல்லியாச்சு. தள்ளு."

அவன் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைத் தொடவில்லை. நானே ஏறி இரண்டு கோட்டு அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, பால் மாதிரி இருக்கிறது.

பெண்சாதி அஞ்சலாட்சி மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். சோறு எவ்வளவு என்று எழுதவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

தெருவில் நாலு பேரிடம் சாம்பிள் கதையைச் சொன்னேன். நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிரியாணி.

மார்ச் 12, செவ்வாய்

வில்லியனூர் போய் முசேவைப் பார்த்தேன். ஒரு கண் திறந்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாம்பிள் கதையை அவரிடமே சொல்லிக் கேலி செய்யலாம் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"மேஸ்திரி, ஆஸ்பத்திரி சொவரு மஞ்சள்னு நெனச்சிருந்தேன். கட்டு பிரிச்சாங்க. வெள்ளை! அப்போ நான் எத்தினி நாளா மஞ்சள் கண்ணுல கடலைப் பாத்திருக்கேன்? போயி என் பின் ரூம் சொவரைப் பாக்கணும்."

எந்தச் சுவர் என்றேன். வாய் தானாகக் கேட்டது.

"கட்டம் கட்டமா இருக்கே, பாக்கலையா? மூணு வருசமா தெனம் காலைல ஆறு மணிக்கு ஜன்னல்ல நின்னு கடலைப் பாப்பேன். அன்னிக்கு அது என்னா கலரோ அதுல ஒரு கட்டம். ஒரு நாளுக்கு ஒண்ணு. நான் செஞ்சதுல அதான் வேலை. மத்தது எல்லாம் எடுத்துட்டுப் போயி எரிச்சுக்கோ. அந்தச் சொவரை நல்ல கண்ணுல ஒரு தடவை பாக்கத்தான் ஆபரேசனுக்கே சரின்னேன். எது நெஜம், எது பொய்னு பாக்கணும்."

"சொவரு... பத்திரமா இருக்குது முசே."

"தெரியும். அத யாரு தொடுவாங்க?"

டீ கொடுத்தார்கள். வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? பெட்டிக்குள் எத்தனை சட்டை என்பது வரை என்னிடம் சொன்ன மனிதர் இதைச் சொல்லவில்லை. தப்பு யாருடையது?

மார்ச் 13, புதன்

வேலை இல்லை. தலைவலி. சாப்பிடவில்லை.

மார்ச் 14, வியாழன்

அஞ்சலாட்சிக்குக் கோதண்டம் சொல்லிவிட்டான். இருபது வருஷமாக அவன் வடையைத் தின்றதற்கு இப்போது பழி வாங்குகிறான்.

"ஏன்யா, முப்பது வருசமா ஒரு சொவத்த தப்பா அடிச்சதில்லன்னு ஊரெல்லாம் பீத்திக்குவியே. மொதத் தப்பே ஆயிரம் கட்டமா?"

"அது படமே இல்லடி. ஒரு ஆடு உண்டா, மாடு உண்டா?"

"அப்பறம் எதுக்கு நேத்து சோத்தத் தொடல?"

இந்தக் குடும்பத்தில் கேள்வி கேட்க மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவள் பித்தளைக் குடத்தைத் துலக்கிக்கொண்டே பேசினாள். குடத்தின் பக்கத்தில் சுண்ணாம்பு பட்டுக் காய்ந்த திட்டு. புளியை வைத்து இரண்டு தேய்ப்பு. திட்டு போய்விட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்தேன்.

மார்ச் 15, வெள்ளி

முசேவுக்கு இன்று இரண்டாவது கண்.

சும்மா பின் ரூமுக்குப் போனேன். கையில் புளித்தண்ணீர் இருந்தது. ஓரத்தில் ஒரு கட்டத்து அளவுக்குப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பசை போடாத சுண்ணாம்பு. குழைந்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் நீலம் முழுசாக நிற்கிறது, வழவழவென்று பெயிண்ட்.

லூர்துமேரியம்மாவின் கஞ்சத்தனத்துக்கு ஆயுசு நூறு.

மார்ச் 16, சனி

கீழிருந்து மேலே போகிறோம். நானும் கோதண்டமும். அவனாகவே வந்தான். "என் டப்பால இன்னிக்கு மூணு வடை இருக்கு, ஒழுங்கா எண்ணித் தின்னு" என்றான். தெரிந்திருக்கிறது.

அடிக்க அரை நாள் ஆனது. எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. பஞ்சு, புளி, நல்ல தண்ணீர், மறுபடி பஞ்சு. தேய்த்தால் கீறும், ஒற்ற வேண்டும். குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி.

கீழ் வரிசைகள் எல்லாம் பழுப்பு. இவர் கடலைப் பார்த்தாரா, சாக்கடையைப் பார்த்தாரா?

மார்ச் 19, செவ்வாய்

பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். பழுப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொன்றாகத் துடைத்தால் எவனுக்கும் வித்தியாசம் தெரிந்துபோகும், எனக்குத் தனித் திறமை என்று நினைக்க வேண்டாம். ஒன்று கஞ்சித் தண்ணீர். ஒன்று வஞ்சிர மீனின் வயிறு. ஒன்று மழைக்கு முந்திய ஆகாசம். நாளுக்கு ஒரு கட்டம் என்று எண்ணிப் பார்த்தேன், அது புயல் வந்த வாரம், என் வீட்டு ஓடு பறந்த வாரம். அன்று காலை ஆறு மணிக்கு நான் ஓட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் ஜன்னலில் நின்று கலர் பார்த்திருக்கிறார். வேலை வெட்டி இல்லாதவர்.

லூர்துமேரியம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, அடிச்ச சொவத்தத் தொடைக்கிறீங்க?"

"மெருகு ஏத்துறோம்மா."

"இதுக்குத் தனியா கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தயிர் சோறு.

மார்ச் 20, புதன்

மேல் இரண்டு வரிசை வரவில்லை.

ஒற்றினேன். சுண்ணாம்பு வந்தது, கூடவே கலரும் வந்தது. பஞ்சில் இளம் நீலம். நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொட்டேன். அதுவும். முதல் அறுபது கட்டமும் பெயிண்ட் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்குகிற வாட்டர் கலர், சுண்ணாம்பின் ஈரத்திலேயே கரைந்து கலந்துவிட்டது. அவருடைய பெயிண்ட் பெட்டி பிரான்சிலிருந்து கப்பலில் வர இரண்டு மாதம் ஆனதாம், அதுவரை கடையில் கிடைத்ததை வைத்துப் போட்டிருக்கிறார். இந்த விவரம் லூர்துமேரியம்மா சொன்னது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

கோதண்டம் நீலம் ஏறிய பஞ்சுகளைப் பொறுக்கித் தன் வடை டப்பாவில் வைத்து மூடினான்.

மார்ச் 21, வியாழன்

நான் கலர் கலக்குகிறவன். முப்பது வருஷம். கோயிலுக்குக் காவி, கல்யாண வீட்டுக்கு ரோஸ், ஆஸ்பத்திரிக்குப் பச்சை. கடலுக்கு ஒரு நீலம் கலக்கத் தெரியாதா? சுண்ணாம்பில் நீலமும் கறுப்பும் சொட்டுச் சொட்டாக விட்டு, நூல் பிடித்து, ஸ்கேல் வைத்து, ஐம்பத்தொன்பது கட்டம் போட்டேன். பார்க்கிறவர்கள் இதுதான் ஒரிஜினல் என்பார்கள்.

அறுபதாவதுக்குக் கலர் தோன்றவில்லை. நீலம் எல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

மார்ச் 23, சனி

அறுபதாவதுக்காகக் காலை ஐந்தே முக்காலுக்கே போய் ஜன்னலில் நின்றேன். வேறு காரணம் இல்லை.

முதலில் கடலும் ஆகாசமும் ஒன்றாக இருந்தது. அப்புறம் நடுவில் ஒரு கோடு. அப்புறம் கீழே இருப்பது மட்டும் நிறம் மாறியது. நீலம் துளிகூட இல்லை. சாணி தெளித்த வாசல் காய்கிறபோது ஒரு பச்சை வருமே, அது. அதன்மேல் யாரோ பாலைச் சிந்திய மாதிரி. உடனே கலக்கினேன். கலக்கி முடிப்பதற்குள் அங்கே அது போய்விட்டது. ஓடிப்போய் ஏணியில் ஏறி ஞாபகத்தில் இருந்ததைப் போட்டேன். ஸ்கேல் எடுத்து வரவில்லை. ஓரம் கோணல்.

கலர்த் தட்டைக் கழுவ மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வயது.

மார்ச் 24, ஞாயிறு

முசே வந்தார். நான், கோதண்டம், அஞ்சலாட்சி மூன்று பேரும் பின் ரூமில் நின்றோம். அஞ்சலாட்சியை யார் கூப்பிட்டார்கள்?

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கீழ் வரிசையிலிருந்து பார்த்தார். நாற்காலியைப் போட்டு, மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சிரித்தார்.

"பாரு இத! பழுப்பு, பழுப்பு, பழுப்பு. கடலா இது? கிழவன் குடிச்ச காப்பி. மேஸ்திரி, அந்தப் பேப்பர்க்காரன் சொன்னது சரிதான்."

நான் சிரிக்க வேண்டிய இடம். வரவில்லை.

மூக்கை உறிஞ்சினார். "இங்க யாராவது ரசம் வெச்சீங்களா?"

கோதண்டம் இருமினான். அஞ்சலாட்சி என் முதுகில் விரலால் குத்தினாள். கேலியாகச் சொல்லித் தப்பிக்க என்னிடம் எப்போதும் பத்து வார்த்தை இருக்கும். இன்று வந்தது இதுதான்:

"சாம்பிள்னு நெனச்சிட்டன் முசே. சுண்ணாம்பு அடிச்சிட்டன். இவன் வேணாம்னான், நான்தான் கேக்கல. அப்பறம் புளிய வெச்சி எடுத்தோம். மேல ரெண்டு வரிசை போயிடுச்சி. அங்க இருக்கறது என்னுது."

அவர் ஏணியைக் கேட்டார். ஆபரேஷன் ஆன கண்ணோடு ஏறக்கூடாது என்றேன். "புடி" என்றார். பிடித்தேன். நான் ஒரு பக்கம், கோதண்டம் ஒரு பக்கம். மேலே போய் என் கட்டங்களைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரா இருக்கு."

"ஆமா முசே, நூல் புடிச்சிப் போட்டது."

"எந்தக் காலையும் இவ்ளோ நேரா வராது. இது கடல் இல்ல மேஸ்திரி. பாத்ரூம்."

முப்பது வருஷத்தில் என் சுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஈரத்துணி கேட்டார். என் கையாலேயே நனைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்தார். கை எட்டாத இடத்துக்கு ஏணியை நகர்த்திக் கொடுத்தோம். ஐம்பத்தொன்பதும் போனது. கடைசி மூலையில் துணி நின்றது.

"இது எப்போ?"

"நேத்து. ஆறு மணிக்கு."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அதைத் துடைக்கவில்லை.

இறங்கி உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலே வெறும் சுவரைக் காட்டிச் சொன்னார்: "அந்த ரெண்டு மாசம்தான் எனக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் மஞ்சளாச்சு. எது நெஜம்னு நான் ஒப்பிட்டுப் பாக்க நெனச்சது அதோடத்தான்."

வெயில் இந்த வருஷம் மார்ச்சிலேயே அதிகம். அந்த ரூமில் மின்விசிறியும் இல்லை. எல்லோருக்கும் கண் எரிந்தது. சுண்ணாம்பு வேறு.

போகும்போது கேட்டேன். "முசே, இப்போ கண்ணு நல்லா இருக்குதில்ல. மேல எடம் காலியா கெடக்குது."

"ஏணில ஏற எனக்கு ஆவாது. இன்னிக்கு ஏறினது போதும்."

"ஏற ஆளு இருக்குது."

"உனக்குக் கலரு தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும். காப்பி போட்டவருதானே."

"போய்யா" என்றார். ஆனால் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

ஆறு மணி. ஜன்னலில் அவர், ஏணியில் நான். அவர் கலக்கித் தட்டை மேலே நீட்டினார். பார்த்ததுமே தப்பு என்று தெரிந்தது. பச்சை அதிகம்.

"முசே, பச்சையக் கொறைங்க."

"போடு."

"கண்ணத் தொறந்து பாருங்க, நல்ல கண்ணுதானே?"

"போடுய்யா!"

போட்டேன். ஸ்கேல் இல்லாமல். அவர் சுவர், அவர் தப்பு. நாளைக்கு என்னிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் சாட்சிக்கு இங்கே எழுதி வைக்கிறேன்: மார்ச் 25, காலை ஆறு, கடல் புதிதாக ஈயம் பூசின பாத்திரம். பச்சை இல்லவே இல்லை. வலது ஓரத்தில் மட்டும், படகு போன தடத்தில், கொஞ்சம்.

இட்லி மூன்று. நிஜமாகவே மூன்று.